பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டும்

சில்க் போர்டு நெரிசலில் மாட்டி மீண்டு இந்த அல்சூர் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே!

அழைப்பிதழில் 'பன்னாட்டு வணிகமும் மின்வணிகச் சட்டங்களும்: ஓர் ஒப்பீடு' என்று போட்டுவிட்டார்கள். தலைப்பைப் பார்த்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அந்தத் துணிச்சலை மதித்து, உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கிற ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஏதாவது ஒரு வியாபாரச் செயலியைத் திறந்து, நிபந்தனைகள் என்ற பகுதியின் அடிவரைக்கும் போங்கள். யாரும் போவதில்லை, நீங்கள் போய்ப் பாருங்கள். 'தகராறு எதுவானாலும் பெங்களூரு நீதிமன்றங்களுக்கு மட்டுமே விசாரிக்கும் அதிகாரம் உண்டு' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். இந்த ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் பல நிறுவனங்கள் இப்படி எழுதுவது வழக்கம். தென்காசியில் ஓர் அம்மா மூவாயிரம் ரூபாய்க்கு மிக்சி வாங்குகிறார், ஜார் விரிசல் விட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பி வரவில்லை. அந்த வரியை அப்படியே நம்பினால் அவர் ரயிலேறி இங்கே வந்து கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். டிக்கெட், சாப்பாடு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் சேர்த்தால் மிக்சிக்கடையே வைத்துவிடலாம்.

இது இணையம் கொண்டுவந்த புதுத் தொல்லை இல்லை. தூரத்திலிருந்து பேரம் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே, பேரம் எந்த ஊரில் முடிந்தது என்ற சண்டை இருக்கிறது. லண்டன் கம்பெனி ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இருந்தவர்களோடு டெலக்ஸில் செம்பு வாங்கப் பேசியது. சம்மதம் என்ற பதில் லண்டனில் வந்து இறங்கியது, ஆகவே ஒப்பந்தம் லண்டனில் பிறந்தது என்று 1955-இல் ஆங்கிலேய நீதிமன்றம் சொன்னது. பத்து வருஷம் கழித்து நம் உச்ச நீதிமன்றத்துக்கு அதே கேள்வி வந்தது. இந்தத் தடவை சரக்கு பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, கருவி டெலிபோன். அகமதாபாத்காரர் கூப்பிட்டார், காம்காவ் ஆலைக்காரர் 'சரி' என்றார். அந்த 'சரி' கேட்ட இடம் அகமதாபாத், அங்கேயே வழக்குப் போடலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி ஹிதாயத்துல்லா மட்டும் மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

மின்னஞ்சல் வந்தபோது ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 1996-இல் ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. அதை அடியொற்றித்தான் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. அதன் 13-ஆவது பிரிவில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். செய்தி எந்தக் கணினியில் கிடக்கிறது என்பது பொருட்டல்ல. அனுப்பியவரின் தொழிலிடத்தில் புறப்பட்டது, பெறுபவரின் தொழிலிடத்தில் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வர் அயர்லாந்தில் ஓடினாலும் வழக்கு அயர்லாந்துக்கு ஓடாது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே என்பீர்கள். தீரவில்லை. சட்டம் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த கையோடு, 'அதை நாங்களே பேசி வைத்துக்கொள்கிறோம்' என்று ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் புகுந்துவிட்டார்கள்.

இதில் நம் சேலத்துக்காரர் ஒருவரின் வழக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏ.பி. ஏஜென்சீஸ் என்ற சேலத்து நிறுவனம் குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட்டிடம் உலோக இழை நூல் வாங்கியது. ஆர்டர் உறுதிச் சீட்டில் 'கேரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று அச்சடித்திருந்தார்கள். கேரா குஜராத்தில் இருக்கிறது. தகராறு வந்ததும் சேலத்துக்காரர் சேலத்திலேயே வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-இல் அவர் பக்கம் தீர்ப்பு. காரணம் என்ன தெரியுமா? 'மட்டுமே' என்று அச்சடிக்கவில்லை! மற்ற ஊர்க் கதவுகளை மூடியதாகச் சொல்லத் தெளிவான வாசகம் இல்லை என்றார்கள். இந்தப் பாடத்தை யார் கற்றுக்கொண்டார்கள்? வாங்குகிறவர்கள் இல்லை, நிபந்தனை எழுதுகிறவர்கள். அன்றிலிருந்து பல ஒப்பந்தங்களிலும் 'மட்டுமே' ஏறிக்கொண்டது. போதாக்குறைக்கு 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்கள் விலக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்றது. இரண்டு வியாபாரிகள் கண்ணோடு கண் பார்த்துப் பேசி எழுதிய ஒப்பந்தத்துக்கு அது நியாயம். கட்டைவிரலால் 'ஏற்கிறேன்' என்று தட்டிவிட்டுப் போகிற அம்மாவுக்கு அதே நியாயத்தைக் காட்டலாமா?

இந்த இடத்தில்தான் நாடுகள் பிரிகின்றன.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதியர் கார்னிவல் கம்பெனியின் உல்லாசக் கப்பலில் போனார்கள். மெக்சிகோ கரைக்கு அப்பால் கப்பலுக்குள் அந்த அம்மா வழுக்கி விழுந்தார். ஊருக்குத் திரும்பி வழக்குப் போட்டால், டிக்கெட்டின் பொடி எழுத்தில் 'புளோரிடா நீதிமன்றம்' என்று இருக்கிறது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்குப் போக வேண்டும். 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. வழக்குகள் ஓரிடத்தில் குவிந்தால் கம்பெனிக்குச் செலவு குறையும், அந்த லாபம் டிக்கெட் விலையில் பயணிக்கு வந்து சேரும் என்றார்கள். அந்தக் கணக்கை நான் நம்பவில்லை. 2011-இல் ஏ.டி. அண்ட் டி. வழக்கில் இன்னும் ஒரு படி போனார்கள். கோர்ட்டே வேண்டாம், தனித்தனியாக மத்தியஸ்தரிடம் போ, கூட்டாக வழக்குப் போடாதே என்று கம்பெனி எழுதினால் அதுவும் செல்லும்.

பக்கத்து நாடான கனடாவில் ஊபர் வண்டிக்காரர்களின் ஒப்பந்தம், தகராறை ஆம்ஸ்டர்டாமில் போய்த் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. தொடக்கக் கட்டணம் மட்டும் 14,500 அமெரிக்க டாலர். ஊபருக்காகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர் ஆம்ஸ்டர்டாமுக்கு எங்கே போவார்? 2020-இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது.

ஐரோப்பாவில் நுகர்வோர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை, கடைக்காரர் அந்த நாட்டைக் குறிவைத்து வியாபாரம் செய்திருக்க வேண்டும். இதை எப்படித் தீர்மானிப்பது? ஆஸ்திரியாவில் ஆல்பென்ஹோஃப் என்ற ஹோட்டலில் தங்கிய ஜெர்மன்காரர் ஒருவர், குறை சொல்லிவிட்டுக் காசு கொடுக்காமல் கிளம்பினார். ஹோட்டல் ஆஸ்திரியாவில் வழக்குப் போட்டது. 'என்னை என் நாட்டில்தான் கேட்க வேண்டும்' என்றார் அவர். நல்ல உரிமைகள் பல நேரம் இப்படிப்பட்ட ஆட்களால்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன. இந்த வழக்கும் கூடவே பாமர் என்ற இன்னொரு வழக்கும் வந்தபோது, 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அடையாளங்களை அடுக்கியது. வெறுமனே இணையதளம் கண்ணில் பட்டால் போதாது. அந்த நாட்டு மொழியில் பேசுகிறாயா, அந்த நாட்டுப் பணத்தில் விலை சொல்கிறாயா, டெலிபோன் எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடு போட்டிருக்கிறாயா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2009-இல், டெல்லி உயர் நீதிமன்றம் பான்யன் ட்ரீ வழக்கில் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. சிங்கப்பூர்க் கம்பெனி ஹைதராபாத்காரர்மேல் டெல்லியில் போட்ட வழக்கு அது. தளம் டெல்லியில் திறக்கிறது என்பது மட்டும் போதாது, டெல்லிக்காரரை வியாபாரத்துக்கு வேண்டுமென்றே இழுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

இந்த அளவுகோலைக் கோரமங்களாவில் வைத்துப் பாருங்கள். 2007-இல் அங்கே பிறந்த ப்ளிப்கார்ட் 2020 ஜூனில் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் கடை விரித்தது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். தமிழில் கூப்பிட்டு, ரூபாயில் விலை சொல்லி, தென்காசி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிற எந்தக் கடைக்காரரும், தகராறு என்றால் மட்டும் என் ஊருக்கு வா என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றும் கவனியுங்கள். இதே ப்ளிப்கார்ட் தன் தாய் நிறுவனத்தை 2011-இல் சிங்கப்பூரில் பதிவு செய்துகொண்டது. 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து சுமார் 77 சதவீதப் பங்கை வாங்கியபோது கைமாறியது அந்தச் சிங்கப்பூர் நிறுவனத்தின் பங்குதான். இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. முதலீட்டாளருக்கு எந்த நாட்டுச் சட்டம் வசதியோ அங்கே போய் நிற்கிற சுதந்திரம் நிறுவனத்துக்கு இருக்கிறது. வாங்குகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் சட்டத்தைத் தேடிப் போக முடியாது, சட்டம்தான் அவரிடம் வர வேண்டும்.

வந்துவிட்டது. அதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. 1986-இன் பழைய நுகர்வோர் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரில், அல்லது சம்பவம் நடந்த ஊரில்தான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ கொடுக்கலாம் என்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டியதில்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வீடியோவில் விசாரணை கேட்கலாம். ஒப்பந்தத்தில் மத்தியஸ்த விதி இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று எமார் வழக்கில் 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி, புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இந்தியாவில் அலுவலகமே இல்லாமல் இந்தியருக்கு முறையாக விற்கிற வெளிநாட்டுக் கடையையும் அந்த விதிகள் கட்டும். அமெரிக்கக் கப்பல் பயணிக்குக் கிடைக்காதது தென்காசி அம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் அந்த அம்மாவுக்கு இது தெரியாது. செயலியில் அவர் பார்ப்பது 'பெங்களூரு நீதிமன்றம் மட்டும்' என்ற வரியைத்தான். வழக்கில் நிற்காத வரியை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? கோர்ட்டில் ஜெயிக்க இல்லை. படிக்கிறவர் கோர்ட்டுக்கே வராமல் இருக்க.

இந்த ஊர்க்காரர்களுக்கும் இந்த வலி தெரியும். இங்குள்ள ஸ்டார்ட்அப்காரர்கள் கூகுள் ப்ளேயில் செயலி வைக்க ஓர் ஒப்பந்தத்தை ஏற்கிறார்கள். தகராறு என்றால் கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுண்டி நீதிமன்றம். கூகுளுடனான கட்டண முறைத் தகராறில் சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் உட்படப் பல நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, இது போட்டி ஆணையத்தின் வேலை என்று 2023-இல் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆணையம் 2022 அக்டோபரிலேயே ப்ளே ஸ்டோர் கொள்கைகளுக்காகக் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தது. மேல்முறையீட்டில் 2025-இல் அது 216 கோடியாகக் குறைந்தது. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உட்கார்ந்து சாண்டா கிளாராவை நினைத்துப் பொருமுகிற நண்பர்களே, உங்கள் செயலியின் நிபந்தனைப் பக்கத்தை இன்றிரவு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தமிழ் அவை என்பதால் ஒரு கல்வெட்டைச் சொல்லாமல் போக மனமில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம். அங்கே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. அந்தக் குழுவின் பூர்வீகம் இதே கர்நாடகத்து ஐஹொளே. கப்பல் தலைவர் துறையில் இறங்கினால் குழுவுக்குப் பொன்னாக என்ன செலுத்த வேண்டும் என்று அந்தக் கல் பேசுகிறது. கர்நாடகத்தில் வேர், தமிழில் எழுத்து, இந்தோனேசியாவில் அமல். இதைவிடப் பழைய பன்னாட்டு வணிக விதியை நம் வீட்டுக் கதையில் நான் பார்த்ததில்லை. மெச்சிக்கொள்ளலாம். ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அதுவும் வணிகர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட நிபந்தனைதான். சரக்கு வாங்குகிறவன் குரல் அந்தக் கல்லில் இல்லை.

சரி, தென்காசியில் தீர்ப்பு வாங்கியாகிவிட்டது, விற்றவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால்? இங்கேதான் ஓட்டை. மத்தியஸ்தத் தீர்ப்பு என்றால் 1958-இன் நியூயார்க் உடன்படிக்கை அதை நாடு நாடாகக் கொண்டுபோகிறது. அது பெரிய கம்பெனிகளின் வாகனம். சாதாரண நீதிமன்றத் தீர்ப்பைக் கடல் தாண்டிச் செல்ல வைக்க 2019-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 செப்டம்பரிலிருந்து அது அமலில் இருக்கிறது. இந்தியா சேரவில்லை. ஐரோப்பியர்கள் இணையத்திலேயே சமரசம் பேச ஒரு பொதுத்தளம் நடத்தினார்கள். போதிய பயன்பாடு இல்லை என்று 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். நம் ஊர் தேசிய சட்டப் பள்ளியில் நுகர்வோருக்கான இணையவழி சமரச மையம் தொடங்கினார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். சரி, இறக்குங்கள்.

முடிக்கும் முன் ஒரு கோரிக்கை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு வகையை ஏற்படுத்தி, ஒருதலைப்பட்சமான நிபந்தனையை ரத்து செய்ய வழி கொடுத்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்த அதிகாரத்தை மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். உடைந்த ஜாருக்கு மாவட்டத்தில் வழக்குப் போடலாம். அந்த 'மட்டுமே' வரியையே நீக்கு என்று கேட்க மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மாவட்ட ஆணையங்களுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுங்கள் என்று நம் மக்களவை உறுப்பினர்களுக்கு எழுத ஒரு மனு தயாரித்திருக்கிறோம். தமிழிலும் கன்னடத்திலும் இருக்கிறது. வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள், படித்துப் பார்த்து, சம்மதமானால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.