மலை மாநிலத்தின் வரவும் செலவும்

மாதத்தின் முதல் தேதி நம்மில் பலருக்குச் சம்பள நாள். வீட்டு வாடகை, பால் கணக்கு, மளிகைக் கடைப் பாக்கி எல்லாம் அன்றுதான் தீரும். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஹிமாசலப் பிரதேச அரசாங்க ஊழியர்களுக்கு அந்த முதல் தேதி வெறுமையாகக் கழிந்தது. அவர்களுக்குச் சம்பளம் 5ஆம் தேதியும், ஓய்வு பெற்றோருக்கு ஓய்வூதியம் 10ஆம் தேதியும் என்று ஏற்பாடாயிற்று. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்டு 29ஆம் தேதி, தாமும் தம் அமைச்சர்களும் இரண்டு மாதச் சம்பளத்தைப் பின்னரே பெற்றுக்கொள்வதாக முதலமைச்சர் சுக்விந்தர் சிங் சுக்கு அறிவித்திருந்தார்.

ஒரு மாநிலத்தின் கஜானா இந்நிலைக்கு எவ்வாறு வருகிறது? வந்தபின் செய்யத்தக்கது வரியை உயர்த்துவதா, செலவைக் குறைப்பதா? இவ்விரு வினாக்களையும் இன்று சிந்திப்போம். பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இது அயலார் வீட்டு வழக்கு அன்று. எந்த மாநிலத்தில் விளக்கேற்றிப் பஸ் ஏறுகிறோமோ, அந்த மாநிலத்தின் வரவில் நம் காசும் கலந்திருக்கிறது. அதன் செலவில் நம் குழந்தைகளின் பள்ளியும் நம் தெருவின் சாலையும் அடங்கியிருக்கின்றன.

முதலில் அந்தத் தாமதத்தின் கணக்கைப் பார்ப்போம். முதலமைச்சர் அப்போது விளக்கியபடி, சம்பளத்துக்கு மாதந்தோறும் 1,200 கோடி ரூபாயும் ஓய்வூதியத்துக்கு 800 கோடி ரூபாயும் வேண்டும். மத்திய அரசாங்கத்தின் பற்றாக்குறை மானியமான 520 கோடி 6ஆம் தேதியன்றும், மத்திய வரிகளில் மாநிலத்துக்குரிய பங்கான 740 கோடி 10ஆம் தேதியன்றும் வந்து சேரும். இடைப்பட்ட சில நாட்களுக்காக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. காத்திருந்து கொடுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 3 கோடி ரூபாய் வட்டி மிச்சம். சிறு தொகைதான், ஆயினும் அதையும் எண்ணிப் பார்க்கும் நிலை வந்திருந்தது.

இதற்குக் காரணம் ஒருவர் மட்டும் அல்லர். 55,673 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மலை மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் காடு என்று பதிவாகியுள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 69 லட்சத்துக்கும் குறைவு. சமவெளியில் ஒரு பள்ளி நூறு குழந்தைகளுக்குப் பயன்படும். மலையிலோ பத்துக் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி வேண்டும். ஆப்பிள் தோட்டங்களும் நீர் மின்சாரமும் சுற்றுலாவும் தரும் வருமானம் இச்செலவுக்கு ஈடாகாது. ஆகவேதான் மத்திய மானியம் அவசியமாயிற்று. பதினைந்தாவது நிதிக் கமிஷன் வகுத்த திட்டத்தில் அந்த மானியம் 2021-22இல் 10,249 கோடியாக இருந்து, ஆண்டுதோறும் இறங்கி, 2025-26இல் 3,257 கோடியாகக் குறைந்தது. சரக்கு சேவை வரிக்காக ஐந்தாண்டுகள் தரப்பட்ட இழப்பீடும் 2022 ஜூன் மாதத்தோடு நின்றது. 2023ஆம் ஆண்டின் மழைக்காலம் சாலைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றது.

வரவு இறங்கிய அதே காலத்தில் சலுகைகள் ஏறின. 2022ஆம் ஆண்டில், அப்போதிருந்த அரசாங்கம் 125 யூனிட் வரை மின்சாரத்தை இலவசமாக்கியது. கிராமக் குடிநீருக்குக் கட்டணத்தை நீக்கியது. அடுத்து வந்த அரசாங்கம், வாக்களித்தபடி, 2023 ஏப்ரல் முதல் ஊழியர்களுக்குப் பழைய ஓய்வூதிய முறையை மீண்டும் கொணர்ந்தது. ஒவ்வொன்றும் பெறுபவருக்கு நியாயமானதே. ஆயுள் முழுவதும் உழைத்தவர், சந்தையின் ஏற்றத்தாழ்வை நம்பி முதுமையைக் கழிக்க அஞ்சுவது இயல்பு. ஆனால் எல்லா நியாயங்களும் ஒரே பெட்டியிலிருந்துதான் பணம் கேட்கின்றன.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். 2024-25ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சம்பளத்துக்கு 25 ரூபாய், ஓய்வூதியத்துக்கு 17, வட்டிக்கு 11, கடன் தவணைக்கு 9, தன்னாட்சி நிறுவனங்களின் மானியத்துக்கு 10. மிஞ்சியது 28 ரூபாய். சாலை, பாலம், கட்டடம் உள்ளிட்ட மற்றப் பணிகள் அனைத்துக்கும் அதுவே.

செலவைக் குறை என்று சொல்வது எளிது. எந்தச் செலவை என்று கேட்டால்தான் சங்கடம். சம்பளத்தையும் வட்டியையும் தொட முடியாது. கை எட்டுவது அந்த 28 ரூபாய்க்குத்தான். பழுது பார்க்காத சாலை கூட்டம் போட்டுக் கோஷமிடுவதில்லை. அடுத்த மழையில் சரிந்து விழும்போதுதான் தன் கணக்கைக் காட்டும். மாணவர் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளை அம்மாநிலம் மூடியது அறிவுடைய சிக்கனமே. ஆனால் ஐந்து மாணவர் உள்ள பள்ளியை மூடும்போது, மிச்சமாகும் தொகையை ஐந்து குழந்தைகள் மலைப்பாதையில் நடந்து செலுத்துகிறார்கள்.

சரி, வரியை உயர்த்தலாமே என்றால், அந்த வயலும் சிறியது. சரக்கு சேவை வரி 2017இல் வந்தபின், மாநிலங்கள் தாமே விகிதம் குறிக்கக்கூடியவை மது, பெட்ரோல், டீசல், வாகனம், பத்திரப் பதிவு, மின்சாரம் போன்ற சிலவே. ஹிமாசலத்தில் 2023 ஜனவரியிலும் ஜூலையிலும் டீசல் மீதான வரி லிட்டருக்கு மும்மூன்று ரூபாய் உயர்ந்தது. மலை மேல் ஏறும் அரிசி மூட்டையும், கீழே இறங்கும் ஆப்பிள் பெட்டியும் டீசலால் செல்பவை. ஆகவே லாரி வைத்திருப்பவர் மட்டுமின்றி, அரிசி வாங்கும் கூலித் தொழிலாளியும் அதைச் செலுத்துகிறார். நீர் மின் நிலையங்கள் மீது 2023இல் ஒரு மேல்வரி விதிக்கப்பட்டது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டது.

மூன்றாவது வழி கடன். அதற்கும் மத்திய அரசாங்கம் எல்லை வகுக்கிறது. மேலும், 100 ரூபாயில் 20 ரூபாய் பழைய கடனுக்கே போவதைக் கண்டோம். இன்று வாங்குவது நாளைய சாலையிலிருந்து எடுப்பதேயாகும்.

ஆகவே, வரி பாதி, சிக்கனம் பாதி என்று தராசில் நிறுப்பது சமநிலை ஆகாது. சுமை யார் தோளில் இறங்குகிறது என்று பார்ப்பதே சமநிலை. 2024ஆம் ஆண்டில் அம்மாநிலம் எடுத்த இரு முடிவுகள் இதற்கு எடுத்துக்காட்டு. இலவச மின்சாரம் வருமான வரி செலுத்துவோருக்கு இனி இல்லை என்பது ஒன்று. கிராமக் குடிநீர் இணைப்புக்கு மாதம் 100 ரூபாய் என்பதும், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், மிகக் குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு விலக்கு என்பதும் மற்றொன்று. இவை வரி உயர்வா, செலவுக் குறைப்பா? இரண்டும்தான். கணக்கேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதினாலும், தாங்கக் கூடியவர் தாங்குகிறார் என்பதே பொருள். இதனால் மட்டும் பற்றாக்குறை அடைபடாது. எனினும் இந்தத் திசையில் தொடங்கும் அரசாங்கத்துக்கே பெரிய தியாகங்களைக் கேட்கும் உரிமை உண்டு.

ஒரு முடிவை எடைபோட மூன்று கேள்விகள் நமக்குப் போதும். செலுத்துபவருக்குச் சக்தி உண்டா? இன்று மிச்சப்படுத்துவது நாளை பெருஞ்செலவாகத் திரும்புமா? சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மக்களிடம் சொன்னார்களா? சலுகை அறிவிக்கும்போதும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பற்றாக்குறை வந்தபின் கேட்பது காலங் கடந்ததாகும்.

பஸ் டிக்கெட்டிலும் மின்சாரப் பில்லிலும் உயரும் ஒவ்வொரு ரூபாயையும், இவ்வூர் நம் ஊரா என்ற எண்ணத்தோடு நாம் செலுத்திவிட்டு மறந்துவிடலாகாது. அது எங்கே சென்றது என்று அறிவதும், வாக்குரிமை உள்ள இடத்தில் அதை நினைவில் வைத்து வாக்களிப்பதும் நம் கடமை. குடியிருக்கும் வீட்டின் கூரை ஒழுகினால், வீட்டுக்காரரோடு வாடகைக்கு இருப்பவரும் நனையத்தான் வேண்டும்.