சுமந்தும் காணாத தாய்மார்

(தாய்மை நல நிதி ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் ஆஸ்பத்திரிக் குருவானவர் ஆற்றிய உரை)



 மழையென்றும் பாராமல் தூரத்திலிருந்து வந்திருக்கிற சபையாருக்கும், வர இயலாமல் காணிக்கையை மட்டும் அனுப்பிவைத்த முதியவர்களுக்கும் எங்கள் நன்றி. வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்டிட வேலையைப் பற்றியோ கண் சிகிச்சை முகாம்களைப் பற்றியோ பேசுவோம். இந்த முறை தாய்மை நல நிதியைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. "பிள்ளையில்லாத தம்பதியருக்காக நாங்கள் கொடுத்த பணத்தை, சோதனைக் குழாய் சிகிச்சைக்குத் தர ஏன் மறுத்தீர்கள்?" என்று உங்களில் சிலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிள்ளையில்லாமை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு துக்கங்கள் இருக்கின்றன. கரு உண்டாகாமலே இருப்பது ஒன்று. உண்டாகி, இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ கலைந்து, மறுபடி உண்டாகி மறுபடி கலைவது மற்றொன்று. முதலாவதற்கு ஊரார் ஒரு கொடிய பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்குப் பெயரே இல்லை. அடக்க ஆராதனை இல்லை, கல்லறை இல்லை, துக்கம் விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. "அடுத்தது நிற்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

கடந்த ஆண்டு பெண்கள் வார்டில் ஒரு சகோதரியைச் சந்தித்தோம். பீடி சுற்றும் குடும்பம். கணவர் சுமை ஆட்டோ ஓட்டுகிறார். ஐந்து வருஷத்தில் நான்கு முறை கரு கலைந்திருந்தது. ஜெபம் முடிந்து நாங்கள் எழுந்தபோது அவர் கேட்டார்: "ஐயா, என் ரத்தத்திலேயே கொல்லுற அணு இருக்காம். அப்போ நாலு பிள்ளையையும் நாந்தான் கொன்னேனா?"

நகரத்தில் ஒரு சிகிச்சை நிலையத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பரிசோதனைத் தாளில் "கில்லர் செல்" என்று அச்சடித்திருந்தது. அதை அடக்குவதற்கென்று டிரிப்ஸ் ஏற்றினார்கள். கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து இவருக்கு ஊசி போட்டார்கள். அதற்கும் மேலாகச் சோதனைக் குழாய் முறையும் செய்தார்கள். கரு உண்டாவதில் என்றுமே தடையில்லாத பெண்ணுக்கு! நான்காவது கரு அப்படி உண்டானதுதான். அதுவும் தங்கவில்லை. தாலிச் சங்கிலியைத் தவிர நகையும் மிஞ்சவில்லை.

இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுத்தந்த எந்தப் பதிலும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. எங்கள் மகப்பேறு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் விளக்கியதையும் வாசிக்கத் தந்ததையும், எங்களுக்கு விளங்கிய மட்டும் உங்களுக்குச் சொல்கிறோம். டாக்டர்கள் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிசகினால் கை உயர்த்தட்டும்.

கருவில் பாதி தாயினுடையது, பாதி தகப்பனுடையது. வேறொருவருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடல் அதை அந்நியமென்று தள்ளப் பார்க்கிறது. அப்படியிருக்க, பாதி அந்நியமான கருவை ஒன்பது மாதம் எப்படித் தாங்கிக்கொள்கிறது? 1953-ல் பீட்டர் மெடவார் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இந்தக் கேள்வியை எழுப்பினார். 1960-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதிலிருந்து சிலர் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். கரு கலைகிற பெண்ணின் உடல் அதைத் தள்ளுகிறது போலும். கணவரின் வெள்ளை அணுக்களை முன்னதாகவே ஊசியாகப் போட்டுப் பழக்கிவிடலாம் என்றார்கள். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். 1980-களில் இந்தச் சிகிச்சை பல நாடுகளில் பரவிற்று.

பின்பு அதை முறையாகச் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும், காரணம் தெரியாமல் மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்த பெண்களைச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணவரின் அணுக்கள், மற்றதற்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெண்களுக்குத் தெரியாது. 1999-ல் முடிவு வெளியாயிற்று. கர்ப்பம் 28 வாரத்தைத் தாண்டியவர்கள், அணுக்கள் பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேர். உப்புநீர் பெற்றவர்களில் 48 பேர். 2002-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது என்று அறிவித்தது. இவ்வளவுக்குப் பின்னும் நம் சகோதரிக்கு அந்த ஊசி போடப்பட்டிருக்கிறது.

அந்தக் "கொல்லும் அணு" விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். புற்றுநோய் செல்களை அழிப்பதால் அவற்றுக்கு அந்தப் பெயர் வந்தது. கர்ப்பப்பையில் இருக்கிற அதே இன அணுக்களோ வேறு வேலை செய்கின்றன. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாக வரும்படி தாயின் ரத்தக் குழாய்களை விரிவாக்க உதவுகின்றன. கையில் எடுக்கிற ரத்தத்தில் எண்ணிப் பார்த்தால், கர்ப்பப்பையில் நடப்பது தெரியாது. பெயர் வைத்தவர்கள் ஒரு தாயின் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கவில்லை. பிரிட்டனில் கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு, சோதனைக் குழாய் சிகிச்சையோடு சேர்த்து விற்கப்படும் இந்த எதிர்ப்பு சக்திப் பரிசோதனைகளுக்கும் மருந்துகளுக்கும் சிவப்பு அடையாளம் இட்டிருக்கிறது. சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் கொழுப்பும் கலந்த இன்ட்ராலிப்பிட் டிரிப்ஸும் அதில் அடக்கம். வாயால் உண்ண முடியாத நோயாளிகளுக்கு உணவாக ஏற்றுவதற்கென்று வந்த மருந்து அது.

அப்படியானால் எதிர்ப்பு சக்தியால் கரு கலைவதே இல்லையா? உண்டு. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற நோய் உண்டு. லண்டனில் டாக்டர் கிரகாம் ஹியூஸ் 1983-ல் இதை விவரித்தார். உடல் தனக்கே விரோதமாக உண்டாக்கும் சில எதிர்ப்பொருள்கள் ரத்தத்தை எளிதில் உறையச் செய்கின்றன, நஞ்சுக்கொடி வேர்பிடிப்பதையும் கெடுக்கின்றன. இதற்கு வைத்தியம் சிறு அளவு ஆஸ்பிரின் மாத்திரையும் ஹெபாரின் ஊசியும். ஹெபாரின் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் போகாது. லண்டனில் 90 பெண்களிடம் நடத்தி 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் உயிருள்ள பிள்ளையைப் பெற்றார்கள். இரண்டும் பெற்றவர்களில் 71 பேர். பின்னால் 2002-ல் வந்த ஓர் ஆய்வில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். என்றாலும் இந்த நோய்க்கு இன்றும் உலகெங்கும் கொடுக்கிற சிகிச்சை இதுவே. நோய் இல்லாதவர்களுக்கு இதே ஊசி பயன் தரவில்லை என்று 2010-ல் நெதர்லாந்தில் கண்டார்கள். ஆகவே "எதற்கும் போட்டு வைப்போம்" என்று போடுவதும் இல்லை.

நோயைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். ஒரு முறை பரிசோதித்தால் போதாது. ஒரு காய்ச்சல் வந்துபோனாலும் அந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தோன்றலாம். 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் இருந்தால்தான் உறுதி. கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாவது பயணமே பாரம். பாதிப்பேர் திரும்ப வருவதில்லை என்று எங்கள் நர்ஸ் சகோதரிகள் வருத்தத்தோடு சொல்வார்கள். உங்கள் நிதி முதலாவது செய்கிறது இதைத்தான்: இரண்டு பரிசோதனைக் கட்டணம், பஸ் செலவு, அன்றைய கூலி. அதன் பின் ஊசி. கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பிரசவம் வரைக்கும் நாளுக்கு ஒன்றென்றாலும் இருநூறுக்கு மேல் ஆகும். வயிற்றில் தானே குத்திக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறோம். முதல் வாரம் மாமியார்தான் அதிகம் பயப்படுவார். வயிற்றில் ஊசியா, பிள்ளைக்குக் குத்திவிடாதா என்பார். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினால், இரண்டாவது வாரம் அவரே மருமகளை நேரம் தவறாமல் கூப்பிடுவார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம். நம்முடைய நெடுநாள் ஆதரவாளர் ஒருவர், தம் சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியருக்கென்று பெரிய தொகை அனுப்பினார். இரண்டு முறை சோதனைக் குழாய் சிகிச்சை தோற்றுப்போன தம்பதியர். மூன்றாவது முறை, எதிர்ப்பு சக்தியை அடக்கும் டிரிப்ஸோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்று ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். நிதிக் குழு அந்தப் பணத்தை நன்றியோடு திருப்பி அனுப்பிற்று. பயன் தரும் என்று நிரூபிக்கப்படாத மருந்துக்குக் காணிக்கைப் பணத்தைச் செலவிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதினோம். சோதனைக் குழாய் முறையையே எதிர்க்கிறோம் என்று சிலர் எண்ணிக்கொண்டார்கள்; அப்படியல்ல. அது எத்தனையோ வீடுகளில் தொட்டில் கட்ட வைத்திருக்கிறது. ஆனால் அது தோற்கிறபோது, காரணம் அந்தப் பெண்ணின் ரத்தம் என்று சொல்லி அடுத்த மருந்தை விற்பதற்கு ஆதாரம் போதாது. அந்த ஆதரவாளர் மனம் வருந்தினார். வருத்தம் இன்னும் முழுவதும் தீரவில்லை என்று அறிந்திருக்கிறோம். அவர் அந்தத் தம்பதியர்மேல் வைத்த அன்பை நாங்கள் குறைவாக எண்ணவில்லை.

சபையாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சகோதரிகளிடம் அன்னாளைப்போல் ஜெபி என்று எல்லாரும் சொல்கிறோம். அன்னாளின் சரித்திரத்தில் ஏலியும் இருக்கிறார். ஆலயத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்தவர் ஆசாரியரே. அவள் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கிற்று. ஜெபம் குறைந்ததால் கரு கலைந்தது என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம்கள் சரியாக அமையாததால் கலைகின்றன. அதில் தாயின் நடையோ, ஏறின பஸ்ஸோ, சாப்பிட்ட பப்பாளியோ, விசுவாசக் குறைவோ எதுவும் இல்லை.

அந்தச் சகோதரிக்கு நாங்கள் சொன்ன பதிலும் இதுதான்: "நீ யாரையும் கொல்லவில்லை, மகளே." அவருக்கு இரண்டு பரிசோதனையிலும் அந்த எதிர்ப்பொருள் இருந்தது. இப்போது ஐந்தாவது கர்ப்பம், ஊசி நடக்கிறது. ஏழாம் மாதம் ஆகிறது. ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாம், அறிவிப்புக் கொடுக்க வேண்டாம், இன்னும் பயமாயிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே ஊரும் பெயரும் கேளாமல் ஜெபியுங்கள்.

நூற்றுக்கு 71 என்று சொன்னோம். மீதி 29 பேர் உண்டு. ஊசியும் போட்டு, நாளும் தவறாமல், வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள். உங்கள் பணம் அவர்களுக்கும் செலவாகிறது. மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆலயத்தில் அவர்களுக்கென்று ஒரு சிறிய ஆராதனை நடத்துகிறோம். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். கணவர்களும் வருகிறார்கள், பலர் கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருப்பார்கள். இந்த இதழில் பிள்ளைகளின் படம் போடுவது வழக்கம். இந்த நிதிக்கு மட்டும் படம் போடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். ஒருத்தியின் படத்தை இன்னொருத்தி வார்டில் உட்கார்ந்து பார்ப்பாள். கணக்கை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அச்சிட்டு அனுப்புவோம்.