பாரமானி பொய் சொல்லும்போது

முன்னாளில் பாரமானியின் அருகே ஒருவர் நின்று இரசத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். இன்று தன்னியக்க வானிலை நிலையங்களில் மின்னியற் பாரமானி தானே வளியமுக்கத்தை அளந்து, வலையமைப்பின் வழியே தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு அனுப்புகின்றது. அருகே நின்ற மனிதர் இப்போது அங்கு இல்லை. எனவே கருவி பழுதுற்றால் அதனை அறிவது எங்ஙனம் என்ற வினா எழுகின்றது.

இவ்வினா அற்பமானதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. சூறாவளி நெருங்கும்போது வளியமுக்கம் விரைந்து தாழும். அத்தாழ்வை அறிவிக்க வேண்டிய கருவி பிழைபடலாகாது.

கருவி மௌனமானால் அச்சம் குறைவு. பழுதென்று எவரும் அறிவர். அப்போது கணினியொன்றைக் கருவியுடன் நேரே இணைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கு அளவு கிடைத்தால் குற்றம் செய்தி செல்லும் வழியில் உள்ளது. கிடைக்காவிடின் மின்கலத்திலோ கம்பியிலோ கருவியிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையே தேடலைப் பாதியாக்கிவிடும்.

அளவு வந்தும் அது பொருந்தாதிருத்தல் இரண்டாவது நிலை. கடல்மட்டத்தை அண்டிய இடங்களில் ஏறத்தாழ 8 மீற்றர் உயர்வுக்கு 1 ஹெக்டோபஸ்கால் வீதம் அமுக்கம் குறையும். கொழும்பில் 1010 அளவில் நிற்கும் அமுக்கம் நுவரெலியாவில் 810ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே நிலையத்தின் உயரம் தவறாகப் பதியப்பட்டிருந்தால், கடல்மட்டத்துக்கென்று கணித்துச் சொல்லும் அளவும் தவறிவிடும். நம்பகமான மற்றொரு பாரமானியை அருகே வைத்துச் சில நாட்கள் ஒப்பிட்டால் இது வெளிப்படும்.

மூன்றாவது நிலையே மிகக் கொடியது. கருவி நின்றுபோன பின்னரும், இடையிலுள்ள பெட்டி கடைசியாகப் பெற்ற எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். எண்ணோ நியாயமானது, ஐயம் எழாது. இதனைக் கண்டுகொள்ள இயற்கையே நமக்கு ஓர் உரைகல்லைத் தந்துள்ளது. அயனமண்டல நாடுகளில் வளியமுக்கம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணியளவில் உச்சம். அதிகாலை, மாலை 4 மணியளவில் தாழ்வு. வேறுபாடு சில ஹெக்டோபஸ்கால் மட்டுமே. ஆயினும் அமைதியான நாளிலும் அது நிகழும். இவ்வசைவைக் காட்டாத பாரமானி நம்பத்தக்கதன்று.

இதே உரைகல் கடிகாரத்தையும் சோதிக்கும். இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. பொது நேரத்தை உள்ளூர் நேரமென்று பதிவு கொண்டுவிட்டால், காலை 10 மணி உச்சம் அதிகாலை நான்கரை மணியில் தோன்றும். தாழ்வு நிகழ வேண்டிய வேளையில் உச்சத்தைக் கண்டவுடனே பிழை புலனாகும்.

எண் வருகின்றது என்பதனாலேயே கருவி இயங்குகின்றது என்று கொள்ளுதல் தகாது. வெயிலடிக்கும் நாளில் பாரமானியைச் சோதித்துவைப்பவரே புயலடிக்கும் இரவில் அதன் சொல்லை நம்பலாம்.