சொந்தமா ஒரு இடம்: வீட்டில் பார்க்க மூன்று படங்கள்

இந்த எபிசோடில் புதுப்படம் எதுவும் கிடையாது. தியேட்டரில் அதிகம் பேர் பார்க்காமல் விட்ட மூன்று தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேசப்போறேன். மூன்றிலும் பிரச்சினை ஒன்றுதான்: தலைக்கு மேல கூரை, காலுக்குக் கீழ கொஞ்சம் மண். சென்னையில் வாடகைக்கு வீடு தேடி, ஹவுஸ் ஓனர் எடுக்கிற இன்டர்வியூவில் உட்கார்ந்த யாருக்கும் இது தெரிந்த கதைதான்.

முதலில் 'டூ லெட்'. 'பரதேசி', 'ஜோக்கர்' படங்களுக்கு ஒளிப்பதிவு பண்ணின செழியன் இயக்கின முதல் படம். 2017-ஆம் வருஷத்துக்கான சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருது வாங்கிவிட்டு, 2019 பிப்ரவரியில்தான் தியேட்டருக்கு வந்தது. கதை நடப்பது 2007-ல். ஐ.டி. சம்பளம் வாடகையைத் தூக்கிவிட்ட காலம். சினிமாவில் உதவி இயக்குநர், மனைவி, சின்னப் பையன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான் கதை. இவங்க உள்ளே குடியிருக்கும்போதே வீடு பார்க்க ஆள் வந்து நிற்பாங்க பாருங்க, அந்தக் கூச்சத்தை இவ்வளவு துல்லியமா வேற படத்தில் நான் பார்த்ததில்லை. பின்னணி இசையே கிடையாது. அதனால ஹெட்போன் போட்டுப் பாருங்க. தெருச் சத்தம்தான் இசை.

அடுத்தது, நான் முக்கியமா பேச வந்த படம்: பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. பாடல் கிடையாது. இளையராஜா ஏற்கெனவே வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தின் இசையைத்தான் பின்னணிக்குப் பயன்படுத்தியிருக்காங்க. சுதா வேலைக்குப் போகிற பெண். தங்கை, வயசான தாத்தா. இருக்கிற வீட்டைக் காலி பண்ண வேண்டிய நிலை. தாத்தாவுக்கு இரண்டு மனை இருக்கு. ஒன்றை விற்று இன்னொன்றில் வீடு கட்டலாம்னு இறங்குறாங்க. பிளான் அப்ரூவலுக்கு லஞ்சம், சிமென்ட்டில் கை வைக்கிற கான்ட்ராக்டர், பாதியில் தீர்ந்துபோகிற பணம். இப்போ வீட்டுக்கடன் வாங்கி அப்பா அம்மா பேரில் ஊரில் வீடு கட்டிக்கிட்டிருக்கிறவங்க பார்த்தா வயிற்றைக் கலக்கும்.

இதுல சொக்கலிங்க பாகவதர்தான் தாத்தா. பாதி எழும்பின கட்டடத்தைப் பார்க்கத் தனியா கிளம்பிப் போவார். செங்கல் சுவரைத் தொட்டுத் தடவி, இன்னும் வராத அறைகளுக்குள்ள மெதுவா நடப்பார். வசனமே இல்லை. அந்தக் காட்சியை மட்டும் போன் பார்க்காம பாருங்க, ப்ளீஸ். அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது நியாயம்தான். ஆனா எனக்கு இது பாகவதர் படம்.

இந்தக் கதைக்கான விதை மட்டக்களப்பில் இருக்கு. பாலு மகேந்திரா சின்னப் பையனா இருந்தப்போ அவருடைய அம்மா அங்கே ஒரு வீடு கட்டினாங்க. சிரித்த முகமா இருந்த அம்மா, வீடு கட்ட ஆரம்பித்ததும் எரிந்து விழுகிறவங்களா மாறிப்போனதை அவரே சொல்லியிருக்கார். வீடு கட்டுவது ஒரு மனுஷியை என்ன பண்ணும் என்பதை அந்தப் பையன் மறக்கவே இல்லை.

ஏன் இதை இப்பவே பார்க்கணும்? 'வீடு' படத்தின் நெகட்டிவ் இன்றைக்கு இல்லை. பாலு மகேந்திராவே உயிரோடு இருந்தப்போ அதை வருத்தத்தோடு பேசியிருக்கார். படத்துக்காக நிஜமாவே எழுப்பின கட்டடம் இருந்தது; பிறகு அவருடைய சினிமா பட்டறை அங்கேதான் நடந்தது.  'பிரிண்ட் சரியில்லை, நல்லது வந்தா பார்த்துக்கலாம்'னு தள்ளிப்போடாதீங்க. 

மூன்றாவது, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018. தயாரித்தது விஜய் சேதுபதி, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். ரங்கசாமி மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஆள். அடிவாரத்தில் கொஞ்சம் நிலம் வாங்கணும் என்பது ஒரே ஆசை. முதல் முக்கால் மணி நேரம் நீங்க 'கதை எங்கப்பா?'னு கேட்பீங்க. அந்த ஆள்கூட ஏறி இறங்குவதுதான் கதை. ஒரு மூட்டை மலைச்சரிவில் உருளும்போது அது என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும், யாரும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசி ஷாட்டைப் பற்றி நான் பேசமாட்டேன். பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.

மூன்றையும் ஒரே ராத்திரியில் போட்டுடாதீங்க, தாங்காது. 'டூ லெட்' வார நாளில் பார்க்கலாம், சின்னப் படம்தான். 'வீடு' மட்டும் முடிந்தா அம்மாகூட உட்கார்ந்து பாருங்க. வீடு கட்டின அனுபவம் இருக்கிறவங்கன்னா பாதியில் படத்தை நிறுத்தச் சொல்லி அவங்க கதையைச் சொல்ல ஆரம்பிப்பாங்க. நிறுத்திடுங்க, கேளுங்க. படம் எங்கேயும் போகாது.

சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்.