இலத்திரன் தவாப் செய்கின்றதா?

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆப் பிரசங்கத்தில், “ஹாஜிகள் கஃபாவைத் தவாப் செய்வது போன்றே, அணுவினுள் இலத்திரன்களும் கருவைத் தவாப் செய்கின்றன” என்று கூறினேன். பலரும் பாராட்டினர். அன்று மாலை கல்லடிப் பாலத்தில் உயர்தர மாணவர் ஒருவர் தயங்கியவாறு வந்தார். “மௌலவி, குறை நினைக்காதீங்க. இலத்திரன் அப்படிச் சுத்துறதா எங்கட பாடத்தில இல்லை” என்றார்.

அவர் விளக்கியதையும் பின்னர் நான் கற்றதையும் கேளுங்கள்.

கரு நேர் ஏற்றமுடையது. இலத்திரன் மறை ஏற்றமுடையது. ஆகவே கரு அதனை ஈர்க்கின்றது. 1911 இல் ரதபோர்ட் கருவைப் பற்றி அறிவித்தார். 1913 இல் போர் அதனைச் சுற்றி வட்டப் பாதைகளை வகுத்தார். ஆனால் இலத்திரன் உண்மையிலேயே வட்டமிடுமாயின், சக்தியை ஒளியாக இழந்து கணப்பொழுதில் கருவில் வீழ்ந்திருக்க வேண்டும். 1926 இல் சுரோடிங்கர் தந்த சமன்பாட்டில் பாதையே இல்லை. இலத்திரன் அலையாகக் கருவைச் சூழ்ந்து பரவியிருக்கின்றது. கரு அதனை நெருக்க நெருக்க, அதன் இயக்கச் சக்தி மிகுந்து எதிர்த்து நிற்கின்றது. இவ்விரண்டும் சமனாகும் எல்லையே அணுவின் பருமன். ஐதரசன் கருவை ஒரு மிளகாகக் கொண்டு கல்லடிப் பாலத்தின் நடுவே வைத்தால், இலத்திரன் மேகம் ஏறத்தாழ இரு கரைகளையும் எட்டும்.

அம்மேகம் கருவினுள்ளும் சிறிது படிந்துள்ளது. வாழைப்பழத்திலுள்ள பொற்றாசியம் 40 அணுக்களிற் சில, தம் இலத்திரன் ஒன்றைக் கருவினுள் கவர்ந்துகொள்கின்றன. அப்போது ஒரு புரோத்தன் நியூத்திரனாகி, அவ்வணு ஆகனாக மாறிவிடுகின்றது. இவ்வகைக் கவர்தலை 1937 இல் அல்வாரெஸ் சோதனையிற் கண்டார். இது தவாபுக்கு எவ்வாறு ஒப்பாகும்?

பெற்றோர்களே! மார்க்கத்திற்கு அழகு சேர்ப்பதாக எண்ணித் தவறான உவமையைப் பிள்ளைக்குக் கொடுக்கின்றோம். நாளை வகுப்பறையில் அது பிழையென அவன் அறியும்போது, உவமையை மட்டுமா சந்தேகிப்பான்? அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வதை அல்குர்ஆனின் 17 ஆம் அத்தியாயம், 36 ஆவது வசனம் தடுக்கின்றது. அது மிம்பரில் நிற்பவருக்கும் உரியது. தவாபின் சிறப்புக்கு இலத்திரனின் சாட்சியம் தேவையில்லை.

அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் நின்று என் கூற்றைத் திருத்தினேன். இளைஞர்களே! நாங்கள் தவறினால் அம்மாணவரைப் போன்று அதபுடன் எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே! அவ்வாறு சொல்லும் பிள்ளையை அதட்டாதீர்கள்.

பயன்தரும் கல்வியை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.