எத்தனை நாள் வேலை?
(நமுனுகுல தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



வேலையில்லாத நாள் சுகந்தான். அம்மா வீட்டிலிருந்தால் பிள்ளை தலை சீவி, சாப்பிட்டு, நேரத்தோடு பள்ளிக்கு வருகிறது, வகுப்பில் பார்க்கிறேன். ஆனால் மாத முடிவில் கடைக் கணக்கை யார் கட்டுவது?

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதும் பல தோட்டங்களில் வேலை நாளைக் குறைத்தார்கள். 2024 செப்டம்பர் வர்த்தமானிப்படி அது 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 பேர் விழுந்தால், கழிவுக்கு முன் 33,750. 12 பேர் என்றால் 16,200தான். ஊழியர் சேமலாப நிதியும் அந்தக் கணக்கில்தான் சேரும். அரைப்பேர் போட்டால் இன்னும் குறையும்.

ஆகவே, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே எத்தனை நாள் வேலை என்றும் கேட்போம். வேலைக்குப் போன நாளையெல்லாம் பிள்ளையின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டில் பேர் குறைந்திருந்தால் இரண்டையும் கமிட்டித் தலைவரிடம் கொண்டுவாருங்கள்.