தண்ணீர் நிற்க ஓர் இடம்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். திருச்சி வெள்ளத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "காவிரியைப் பற்றித்தானே?" என்றார். இல்லை. காவிரியைப் பற்றிக் கவலைப்பட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்புக்கு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் தண்டோரா போட்டு, கரையோர ஜனங்களை அப்புறப்படுத்திவிடலாம். மிஞ்சிய தண்ணீரைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட 1830-களிலேயே ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டிவிட்டார். அந்த அணையில்தான் 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அது தனிக்கதை. அதற்குப் பிறகு புது அணையும் கட்டியாகிவிட்டது.

நான் பேச வந்தது கோரையாற்றைப் பற்றி. மணப்பாறை, விராலிமலைப் பக்கத்து மேட்டு நிலத்தில் பெய்கிற மழை இதில்தான் வருகிறது. இதற்கு மேட்டூர் மாதிரி அணை கிடையாது. சாயங்காலம் அங்கே கொட்டினால் விடிவதற்குள் இங்கே வந்து நிற்கும். வந்த தண்ணீர் புத்தூர் ஆறுகண் பாலத்தருகே உய்யக்கொண்டான் வாய்க்காலோடு கலந்து, மிச்சம் குடமுருட்டி வழியாகக் காவிரிக்குப் போகணும். காவிரியே கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தால் குடமுருட்டி எங்கே போய் விழும்? முன்னே போக முடியாத தண்ணீர் பின்னாலே ஏறுகிறது. 1977 நவம்பர் புயலில் ஊர் மூழ்கிய கதையை இங்கே இருக்கிற பெரியவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 2005-இல் மறுபடி வந்தது. 2021 நவம்பரில் லிங்கம் நகர், கருமண்டபம் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

சரி, இதற்கு நாம் என்ன வைத்தியம் செய்கிறோம்? கான்கிரீட்டில் மழைநீர் வடிகால் கட்டுகிறோம். இன்ஜினீயர் என்ற முறையில் அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அதன் வேலை என்ன என்று பாருங்கள். இந்தத் தெருத் தண்ணீரைச் சீக்கிரமாக அடுத்த தெருவுக்கு அனுப்புவதுதான். எடமலைப்பட்டிபுதூரில் எவ்வளவு சீக்கிரம் வடிகிறதோ, அவ்வளவு சீக்கிரம் உறையூர்ப் பக்கம் ஏறும். எல்லாத் தெருவும் ஒரே நேரத்தில் ஆற்றுக்குத் தண்ணீரை அனுப்பினால் ஆறு தாங்காது. தண்ணீரை ஓட்டத் தெரிந்த நமக்கு அதை நிறுத்தி வைக்கத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிரவுண்ட் மனை 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த மனையில் விழுவது ஏறக்குறைய 11,000 லிட்டர். ஒரு தண்ணீர் லாரி லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லும் மண்ணுமாக இருந்த காலத்தில் அதில் பெரும்பங்கு அங்கேயே தங்கும். மொட்டைமாடி, சிமெண்ட் வாசல், பேவர் கல் என்று மூடிவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு தெருவுக்கு வந்துவிடும். நூறு வீடு உள்ள நகரில் ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு லாரித் தண்ணீர்! தில்லைநகர் இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் வயல். வயல் என்பது வரப்பு கட்டின தொட்டிதான். முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் யாரும் புகார் எழுத மாட்டார்கள். மலைக்கோட்டையைச் சுற்றியிருந்த அகழியையும் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே தூர்த்து ரோடாக்கிவிட்டார்கள். இந்த ரோட்டையாவது பழைய மட்டத்தில் வைக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டு, வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள்.

தண்ணீரை நிறுத்துகிற வித்தை நமக்குப் புதிதல்ல. ஆற்றைத் தாண்டிப் போனால் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. 156 ஏக்கர் கோயில். ஏழு பிராகாரம், கல் பாவின தரை. அத்தனை கல்தரையில் விழுகிற மழை எங்கே போகும் என்று கட்டினவர்கள் யோசிக்காமல் இருந்திருப்பார்களா? வடிகாலும் வைத்தார்கள், மழைநீரைச் சேகரிக்கிற ஏற்பாடும் வைத்தார்கள். காலப்போக்கில் அவை அடைபட்டன. 2015 கும்பாபிஷேகத்தை ஒட்டி நடந்த திருப்பணியில் அந்தப் பழைய வழிகளை மீட்டார்கள். 2017-இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அந்தத் திருப்பணிக்குக் கிடைத்தபோது, இந்த நீர்வழிகளை மீட்டதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற நாம் கொஞ்சம் குனிந்தும் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. ஸ்ரீரங்கத்தில் பலித்தது கருமண்டபத்திலும் அப்படியே பலிக்கும் என்று நினைக்காதீர்கள். அது இரண்டு ஆறு கொண்டுவந்து போட்ட மணல். குழி வெட்டி ஜல்லி போட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கேயும் ஒரு சங்கடம் உண்டு. காவிரியும் கொள்ளிடமும் சேர்ந்து நிரம்பி ஓடினால் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும், அப்போது எந்தக் குழியும் குடிக்காது. ஆற்றில் விழுகிற வடிகால்களின் வாயில் மூடு கதவு இல்லாவிட்டால் ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து ஊருக்குள் வரும். இந்தப் பக்கம் திருச்சியோ, அடியில் பாறை. நம்பிக்கை இல்லாதவர்கள் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொள்ளலாம்! பாறைமேல் தோண்டின குழி வெறும் தொட்டியாகத்தான் நிற்கும். 2003-இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆனபோது, மண்ணைப் பார்க்காமல் ஒரே அளவில் குழி வெட்டினவர்கள் எத்தனை பேர்! இங்கே உறிஞ்ச வைப்பதைவிட, கொஞ்ச நேரம் நிறுத்தி மெதுவாக விடுவதுதான் காரியம்.

அதற்கு ஏரிதான் முதல் சாதனம். ஏரிக்குக் கலிங்கு எதற்கு? நிரம்பும் வரை பிடித்துவைத்து, மிஞ்சினதை மட்டும் அடுத்த ஏரிக்கு அனுப்பத்தான். கோரையாற்றுப் படுகையில் இருக்கிற ஏரி குளங்களைத் தூர்வாரி, வரத்து வாய்க்காலை ஆக்கிரமிப்பு இல்லாமல் வைத்தாலே ஆறுகண் பாலத்துக்கு வெள்ளம் வந்து சேர்வது சில மணி நேரம் தள்ளிப்போகும். அந்தச் சில மணி நேரம்தான் வேண்டும். கரையை வெறும் கான்கிரீட் சுவராக எழுப்பவேண்டாம். பெயரிலேயே கோரை இருக்கிற ஆறு இது. ஆகாயத்தாமரையை அள்ளி எறியுங்கள், ஓடுபாதையைச் சுத்தமாக வையுங்கள், கரைச்சரிவில் புல்லும் மரமும் இருக்கட்டும்.

ராட்டர்டாம் நகரில் 2013-இல் ஒரு சதுக்கம் திறந்தார்கள். வெயில் நாளில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். மழை நாளில் அதே தளம் குளமாகி, சுமார் 17 லட்சம் லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. சீனாவில் இதையே பெரிய திட்டமாக்கி 'பஞ்சு நகரம்' என்கிறார்கள். ஆனால் 2021 ஜூலையில் செங்சௌ என்ற பஞ்சு நகரத்தில் ஒரே மணி நேரத்தில் 200 மில்லிமீட்டர் கொட்டியது. பஞ்சு என்ன செய்யும்? நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஆகவே மரமும் குளமும் எல்லா வெள்ளத்தையும் தடுக்கும் என்று யாராவது மேடையில் பேசினால் கைதட்டாதீர்கள். வருஷா வருஷம் வருகிற மழைக்கு இது போதும். 1977 மாதிரி ஒன்று வந்தால் கரையும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டாமல் இருக்கணும்.

அங்கேதான் எனக்குப் பயம். பஞ்சப்பூரில் 2025-இல் புதுப் பேருந்து முனையம் திறந்தாகிவிட்டது. ஊர் அந்தத் திசையில்தான் வளரப்போகிறது. பக்கத்திலேயே கோரையாறு. இன்னும் வெறும் நிலமாக இருப்பதில் எது வெள்ளத்துக்கு, எது வீட்டுக்கு என்று இப்போதே கோடு போடணும். பிளாட் கல் நட்டபிறகு ஒரு சென்ட் நிலம் கேட்டாலும் கோர்ட்டுக்குத்தான் போகணும்.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. நம் கல்லூரி மைதானத்தில் ஒரு ஹெக்டேரை எடுத்துக்கொண்டு, அரையடி, அதாவது 15 சென்டிமீட்டர் மட்டும் தாழ்த்தினால் 15 லட்சம் லிட்டர் நிற்கும். மூன்று ஹெக்டேரில் பெய்கிற 50 மில்லிமீட்டர் மழை முழுசும் அதில் அடங்கும். ஒரு சின்னக் குழாய் வழியாக விட்டால் மறுநாளைக்குள் வடிந்துவிடும். கிரிக்கெட் டீம் அடிக்க வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், பிட்ச்சை மேடாகவே விட்டுவிடலாம்.

வெட்டுவதற்கு முன்னால் அளக்கணும். ஐப்பசி மழைக்கு முன் கூரை மேல் ஒரு மழைமானி வையுங்கள். மைதானத்துக்கு லெவல் எடுங்கள். மழை நின்று எத்தனை மணிக்கு வாசல் சாக்கடை வழிகிறது, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டு பருவம் எழுதின நோட்டு கையில் இருந்தால், கார்ப்பரேஷனில் போய் உட்கார்ந்து பேசலாம். கூட வர நான் தயார். லெவல் கருவியும் கொண்டுவருகிறேன்.